மிளகாய் வறுத்த மதியம்

சென்ற மாதம் குரோம்பேட்டை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கம்பெனி தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறதாம், ஒரு மலர் போடுகிறார்களாம். ஆப்பிரிக்காவுக்குப் போட்டோ எடுக்கப் போய்வந்த ஆட்கள் எல்லாம் எழுதுகிறார்கள், சமையல் மாஸ்டர் என்ற முறையில் நானும் நாலு பக்கம் எழுதி, கூடவே ஒரு சமையல் குறிப்பும் கொடுக்க வேண்டும் என்று போனில் பேசிய பெண் சொன்னாள். "ஜாலியா எழுதுங்க மாஸ்டர். சிங்கம் வந்து சாம்பார் கேட்டுச்சு, அந்த மாதிரி" என்றாள். சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் என் பழக்கம்.

இப்போது நான் போவதில்லை. சமையல்காரரைக் கூட்டிப்போகும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். பொங்கல், புளியோதரை, ரசம் சாதம் எல்லாம் பொட்டலத்தில் வந்துவிட்டது. வெந்நீர் ஊற்றி எட்டு நிமிடம் மூடிவைத்தால் போதும். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், சாப்பிட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. காட்டில் நின்று எதையும் வறுக்க வேண்டியதில்லை என்பது அதில் பெரிய நன்மை. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது.

ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். எதை எழுத ஆரம்பித்தாலும் அது ஒரே மதியத்தில் போய் நின்றது. அந்த மதியம் ஒரு யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வந்து, குடிக்காமலே திரும்பிப் போனது. பழி செலையூர் மெர்சி டீச்சர் மேல் விழுந்தது. காரணம் நான். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பேப்பர் விடாமல் படிப்பதால் எழுத வருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் தேங்காய் துருவப் போனேன். பிறகு கல்யாணச் சமையலில் கரண்டி பிடித்தேன். பிறகு அதே மெஸ்ஸுக்கு மாஸ்டராகத் திரும்பி வந்தேன். இருபத்திரண்டு வருடம் இப்படிப் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சபாபதி சார் அந்த மெஸ்ஸில் மதியம் சாப்பிடுகிறவர். பக்கத்துச் சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர்தான் இந்தப் பக்கத்து ஆட்களைச் சேர்த்து முதன்முதலில் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போய், இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். முதல் குழு பன்னிரண்டு நாள் ரொட்டியும் பழமும் தின்றுவிட்டு வாடிப்போய் வந்ததாம். அடுத்த முறைக்கு என்னைக் கேட்டார். "பயப்படாத ஆள் வேணும், பேசாத ஆள் வேணும். ரெண்டாவது உங்ககிட்ட இருக்கு, முதலாவதை அங்க வந்து பார்த்துக்கலாம்" என்றார். அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பத்தாவது படிக்காதவனின் பாஸ்போர்ட்டில் தனியாக ஒரு குறிப்பு இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் மீனம்பாக்கத்தில் என்னை மட்டும் நிறுத்தி, எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள். சமையலுக்கு என்பேன். எங்கே என்பார்கள். காட்டுக்கு என்பேன். "யாருக்கு, சிங்கத்துக்கா?" என்றார் ஒரு அதிகாரி. குழுவில் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் எனக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

பதினோரு முறை போயிருக்கிறேன். நமீபியாவின் மணல் மேடுகள், போட்ஸ்வானாவின் உப்புச் சமவெளி, கல்லுப் பாறைகள், நதிக்கரை. ஆனால் இடங்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் வேலை இப்படி. விடியுமுன் டீ, பிஸ்கட். அவர்கள் ஜீப்பில் ஏறிப் போனதும் உப்புமா, பொங்கல், தோசை ஏதாவது ஒன்று. பத்து மணிக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், கேமரா துடைப்பார்கள், தூங்குவார்கள். இரண்டரைக்குள் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி ஆகியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு மறுபடி கிளம்புவார்கள். இருட்டியபின் வருவார்கள். நடுவில் இருக்கிற நேரம் முழுவதும் கூடாரங்களும் நாற்காலிகளும் நானும். ஆறு காலி நாற்காலிகள் அவரவர் விட்டுப்போன திசையில் இருக்கும். சிலதில் துண்டு காயும். ஒரு இருவாச்சிப் பறவை தினமும் வந்து, நிறுத்தியிருக்கும் வண்டியின் கண்ணாடியைத் தன் மூக்கால் தட்டும். உள்ளே இன்னொரு பறவை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அதற்கும் பேச ஆளில்லை.

சிறுத்தையையும் சிங்கத்தையும் நான் பெரும்பாலும் அவர்கள் கேமராவின் சின்னத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். தட்டைப் பிடித்துக்கொண்டே மறுகையால் காட்டுவார்கள். கடைசி நாள் குழுப் படம் எடுக்கும்போது கேமராவை என்னிடம் கொடுத்து, இந்தப் பட்டனை அமுக்குங்கள் மாஸ்டர் என்பார்கள். அமுக்குவேன். பதினோரு குழுப் படமும் நான் எடுத்ததுதான்.

சபாபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலையைக் கை வைத்துப் பார்ப்பார். பெரிய லென்சைத் தாங்குவதற்குத் துணிப் பைகள் உண்டு. தாம்பரத்திலிருந்து காலிப் பையாகக் கொண்டுபோய், அங்கே மலிவு அரிசி வாங்கி நான் நிரப்ப வேண்டும். முக்கால் பைதான் நிரப்ப வேண்டும். நிறைந்தால் லென்ஸ் வழுக்கும், குறைந்தால் அமிழும். ஒவ்வொரு பையையும் அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் முதல் கணுவரை போனால் சரி. இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் திருப்பி வைப்பார். நான் பிரித்து ஒரு பிடி எடுப்பேன், அல்லது போடுவேன். கடைசி நாள் அந்த அரிசி முகாம் ஆட்களுக்குப் போய்விடும்.

எனக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். மூன்று முதல் ஆறரை வரை சமையலறைக் கூடாரத்தில் புகை கூடாது, சத்தம் கூடாது. விறகு எரியக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. மிருகம் தண்ணீரில் வாய் வைக்கும்வரை யாரும் பட்டனை அமுக்கக் கூடாது. அப்போதைய கேமராக்கள் டப் டப் என்று சத்தம் போடும். குடிக்க ஆரம்பித்துவிட்டால் மிருகம் சத்தத்தைப் பொருட்படுத்தாது, அதற்கு முன் கேட்டால் திரும்பிவிடும் என்பார்.

அந்த வருடம் போட்ஸ்வானாவின் கிழக்குப் பக்கம் முகாம். மழையே பார்க்காத மாதம். கூடாரத்திலிருந்து நூற்றியிருபது எட்டு வைத்தால் பூமியில் பாதி புதைத்த ஒரு இரும்புக் கண்டெய்னர். அதற்கு ஹைடு என்று பெயர். உள்ளே குனிந்து போய் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே நீளமாக ஒரு திறப்பு. அதற்கு எதிரே தண்ணீர்க் குட்டை. தரை மட்டத்திலிருந்து பார்ப்பதால் யானை வானம் அளவுக்குத் தெரியும் என்பார்கள். நான் உள்ளே போனதில்லை.

பக்கத்தில் ஒரு மரக்கிளையில் சபாபதி சார் வெள்ளை ரிப்பன் ஒன்று கட்டிவிடுவார், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க. காற்று ஹைடிலிருந்து என் பக்கம் வீசுகிற மாதிரி பார்த்துத்தான் சமையலறையைப் போடச் சொல்லியிருந்தார்.

குழுவில் ஆறு பேர், ஒரு டாக்டரும் அதில் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கோவிலம்பாக்கம் ஏகாம்பரம் சார். பரம்பரை நிலம் உள்ளவர். கேமராவை விடப் பெரிய லென்ஸ் வைத்திருப்பார். வாய் ஓயாது, மனசில் ஒன்றும் இருக்காது. நான் கொண்டுபோன மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவித் தின்றே பாதியைத் தீர்த்தவர். இன்னொருவர் மெர்சி டீச்சர். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவருக்கு மூன்றாவது பயணம். சின்னக் கேமராதான். தன் தட்டைத் தானே கொண்டுவந்து தொட்டியில் போடுவார். நான் பேசாதது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. அவரும் பேசாமல் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் டீயில் இஞ்சி தட்டிப் போடுவேன்.

நாலு நாள் ஹைடில் உட்கார்ந்தும் யானைக் கூட்டம் வரவில்லை. ஒற்றை ஆண் யானைகள் வந்தன. குட்டியோடு ஒரு கூட்டம் ஆற்றங்கரைப் பக்கம் சுற்றுகிறது, ஐந்தாம் நாள் கட்டாயம் இங்கே வரும் என்று கபோ சொன்னார். கபோ அந்த ஊர்க்காரர், அடிபார்த்து மிருகத்தைக் கண்டுபிடிப்பவர். ஐந்தாம் நாள்தான் எங்களுக்கு அங்கே கடைசி.

அன்று காலை சபாபதி சார் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "பொடி தீர்ந்திருச்சா?" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அது முதல் தடவை. ராத்திரிக்குள் தயாராகிவிடும் சார் என்றேன்.

ஜொகனஸ்பர்க்கில் நம் ஆட்கள் கடையில் வாங்கிய காய்ந்த மிளகாய் இருந்தது. நம் ஊர் மிளகாயைவிட ஒல்லி, காரம் அதிகம். உளுந்து, கடலைப்பருப்பு, பெருங்காயம் எல்லாவற்றையும் மதியமே வறுத்துவிட்டேன். மிளகாய்க்கு நேரமில்லாமல் போனது. மூன்று மணிக்கு எல்லோரும் ஹைடுக்குப் போனார்கள்.

நான் யோசித்தேன். விறகு இல்லை, கேஸ் அடுப்புதான், ஆகவே புகை இல்லை. இரும்புச் சட்டிக்கு அடியில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு இறக்கினால் சத்தம் இல்லை. கரண்டிக்குப் பதில் மரத் துடுப்பு. சட்டத்தில் சொன்ன இரண்டையும் காப்பாற்றியாகிவிட்டது என்று நினைத்தேன். தீயைத் தணித்து மிளகாயைக் கொட்டினேன். ரிப்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் மனைவி முதலில் பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைச் சாத்துவாள். இல்லாவிட்டால் நாலு வீடு தள்ளித் தும்முவார்கள். முப்பது வருடம் பார்த்த விஷயம். ஜன்னல் இல்லாத இடத்தில் நின்றதும் அது எனக்கு மறந்துபோனது.

மிளகாய் கறுக்க ஆரம்பித்தபோது எனக்கே கண் எரிந்தது. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கிளறினேன். அப்போது தூரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு உறுமல். வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சட்டியைச் சத்தமில்லாமல் இறக்கினேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறரைக்கு வர வேண்டியவர்கள் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். முகங்களைப் பார்த்ததும் டீ போடலாமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். குட்டியோடு பெரிய கூட்டம் வந்திருக்கிறது. குட்டி பிறந்து சில நாள்தான் இருக்கும், தாயின் வயிற்றுக்குக் கீழேயே நடந்திருக்கிறது. தண்ணீருக்கு இன்னும் கொஞ்ச தூரம். முன்னால் வந்த பெரிய பெண் யானை நின்றது. அந்த நேரத்தில் டீச்சருக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தும் முடியவில்லை, இருமிக்கொண்டே இருந்தார். யானை திரும்பியது. அது திரும்பியதும் எல்லாம் திரும்பின. ஒரு நிமிடத்தில் புழுதிதான் மிச்சம்.

"இன்னா டீச்சர் நீங்க" என்றார் ஏகாம்பரம் சார். "அஞ்சு நாளா குந்திக்கினு கீறோம். ஒரு இருமல்ல எல்லாத்தையும் காலி பண்ணிட்டீங்களே."

டீச்சர் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். சபாபதி சார் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இருமல் இருக்கிறவங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"எனக்கு இருமல் கிடையாது சார்."

"இருந்துச்சே."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புழுதிக்காக மற்றவர்கள் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். துணி கட்டினால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று டீச்சர் மட்டும் கட்டவில்லை. சமையலறைப் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் அப்போது கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிக் காட்டியவர் கபோ.

அவர் சமையலறைக் கூடாரத்தின் வாசலில் வந்து நின்றார். மூக்கை உயர்த்தி முகர்ந்தார். நேராகச் சட்டிக்கு வந்து ஒரு மிளகாயை எடுத்து ஒடித்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் கையாலும் அவர் சொன்னது இதுதான். அவருடைய அப்பா சோளம் போடுகிறவர். யானை வயலுக்குள் வராமல் இருக்க, யானைச் சாணத்தில் மிளகாயை இடித்துக் கலந்து, வரட்டி மாதிரி தட்டிக் காயவைத்து, வயல் ஓரத்தில் கொளுத்தி வைப்பாராம். அந்த நெடி பட்டால் யானை அந்தப் பக்கம் திரும்பாதாம். மரத்தைக் காட்டினார். ரிப்பன் ஹைடைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. காற்று எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது.

கபோ என் பக்கம் திரும்பினார். "யூ டெல் பாஸ்" என்றார். நான் சொல்ல மாட்டேன், நீ சொல் என்பதுதான் அதன் அர்த்தம் என்று புரிந்தது. ஒடித்த மிளகாயைச் சட்டியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு பொடியை மேசையில் வைத்தேன். எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். சபாபதி சார் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். "மாஸ்டரு, இன்னிக்கி நாள்ல நடந்த ஒரே நல்ல காரியம் இதான்" என்றார் ஏகாம்பரம் சார். டீச்சர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தோசையைத் தயிரில் நனைத்துச் சாப்பிட்டார். பொடிக் கிண்ணம் அவர் பக்கம் வந்தபோது வாங்கி அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்தார்.

மறுநாள் உப்புச் சமவெளிக்குப் போனோம். இன்னும் நாலு நாள் பயணம் இருந்தது. அங்கே மிருகம் கிடையாது. வெள்ளையாக உப்பும், நடுவே இலை உதிர்ந்த பருத்த மரங்களும்தான். கண்ணுக்கு எட்டின தூரம்வரை நிழல் இல்லை. ஜீப்பில் டீச்சர் பக்கத்து இருக்கையில் கேமராப் பைகளை வைத்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. எல்லோரும் ஒரு மரத்தைச் சுற்றி நின்றால் அவர் வேறு மரத்துக்குப் போய்விடுவார். வெள்ளை நிலத்தில் அவருடைய சிவப்புக் குடை தனியாக நின்றது. எனக்குச் சமைக்கிற இடத்திலிருந்து அது தெரிந்துகொண்டே இருந்தது. டீ குடிக்க என் பக்கம் அவர் வந்தார், முன்பு மாதிரியே உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்த்தார், போனார். நான் இஞ்சி தட்டிப் போட்டேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு தடவை முயற்சி செய்தேன். மூன்றாம் நாள் காலை சபாபதி சார் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய், "சார்" என்றேன்.

"உப்பு பார்த்துப் போடுங்க மாஸ்டர். டாக்டருக்கு பிரஷர் இருக்கு."

"சரி சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால், ஆமாம். ஆனால் அது மட்டுமில்லை. ஆறு பேர் முன்னால் நின்று ஏழெட்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு ஆளின் பெயரைக் கெடுப்பதற்கு இது ஒரு காரணமா என்று கேட்கலாம். அதுதான் காரணம்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஆபீசில் எனக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள், யாருக்கு என்ன ஆகும், ஆகாது என்று. "மெர்சி டீச்சர், காரம் குறைவு, கத்தரிக்காய் ஆகாது" என்ற வரி மூன்று வருடம் அதில் இருந்தது. அடுத்த பட்டியலில் இல்லை. டீச்சர் வரவில்லையா என்று கேட்டேன். அவங்க இருந்தா நாங்க வரல என்று மற்றவர்கள் சொல்லிவிட்டதாக ஆபீசில் இருந்த பெண் சொன்னாள். அதற்கப்புறமும் நான் ஐந்து தடவை போனேன். காய்ந்த மிளகாயைக் காட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. எல்லாப் பொடியையும் மாடம்பாக்கத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு வறுத்தேன். கவனமான ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது.

நடுவில் ஒருமுறை செலையூரில் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். முன்பக்கம் ஏறினார். நான் பின்பக்கம் இறங்கி இரண்டு ஸ்டாப் நடந்தேன்.

என் மனைவி போன வருடம் தவறிவிட்டாள். வேலையும் இல்லை. இப்போது ஒரு ஆளுக்குத்தான் உலை வைக்கிறேன். காலையில் சமையல் முடிந்தால் சாயங்காலம் வரை வீட்டில் சத்தம் இருக்காது. காட்டில் அவர்கள் ஜீப்பில் போனபிறகு இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் திரும்பி வர யாரும் இல்லை. மலருக்கு எழுத உட்கார்ந்த மூன்றாம் நாள், நோட்டை மூடி வைத்துவிட்டுச் செலையூருக்குப் போனேன். எதை எடுத்துப் போவது என்று தெரியாமல் வெறுங்கையோடு போனேன்.

கேட் அருகே நின்ற என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. "வாங்க மாஸ்டர்" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான். உட்காரச் சொல்லி உள்ளே போகத் திரும்பினார். காபி வந்துவிட்டால் நான் குடித்துவிட்டுச் சொல்லாமலே வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நின்றபடியே சொன்னேன். மிளகாய், காற்று, கபோ, ரிப்பன், எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. வந்தபடி சொன்னேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மிளகாய் வறுக்கிற வாசனை எனக்குத் தெரியாதா மாஸ்டர்?" என்றார். "அன்னிக்கே தெரியும். அதாலதானே இருமினேன்."

"ஏன் டீச்சர் சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சமையல்காரர் மேல போடுறாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லணும்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நாலு நாள் பார்த்தேன். டீ கொடுக்கும்போதெல்லாம், இப்ப சொல்லிடுவார், இப்ப சொல்லிடுவார்னு. ஊர் வந்து சேர்ந்ததும் விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் விடை சொல்லாத பையனைப் பார்த்து உட்காரச் சொல்கிற குரலில் சொன்னார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு உள்ளே கூட்டிப்போனார். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பெரிய பெண் யானை, புழுதியில் நிற்கிறது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே குட்டியின் முகம். தாய் தும்பிக்கையை மேலே தூக்கி, நுனியை வளைத்து, படம் எடுத்தவரின் தோளுக்கு மேலே எதையோ முகர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் எல்லோருடைய திரையிலும் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். இது மாதிரி பார்த்ததில்லை.

"இருமல் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது" என்றார் டீச்சர். "பாருங்க, அப்பவே நின்னுடுச்சு. என் இருமலுக்குத் திரும்பல."

"இதைக் காட்டியிருக்கலாமே டீச்சர்."

"எப்படிக் காட்டுறது? தண்ணில வாய் வைக்கிறதுக்கு முன்னாடி அமுக்கக் கூடாதே. இருமல் இல்லன்னா, பட்டன் சத்தத்துலதான் போச்சுன்னு சொல்லியிருப்பாங்க." சிரித்தார். "நானும் தப்புப் பண்ணினவதான் மாஸ்டர். அந்தக் குட்டிய பார்த்ததும் கை நிக்கல."

காபி கொடுத்தார். ஐந்து நிமிடம் இருவரும் பேசாமல் குடித்தோம். கிளம்பும்போது, மலரில் எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்க" என்றார்.

சபாபதி சார், அச்சுக்குப் போகுமுன் இதை நீங்கள்தான் படிப்பீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முன்னால் எனக்கு இப்போதும் சரி சார் என்பதுதான் வாயில் வரும், அதனால் எழுதிவிட்டேன். ஏகாம்பரம் சாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கட்டுரை வேண்டுமோ போடுங்கள், இதைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் படித்திருப்பீர்கள், எனக்கு அது போதும்.

சமையல் குறிப்பு கேட்டிருந்தீர்கள். உளுந்து ஒரு பங்கு, கடலைப்பருப்பு அரைப் பங்கு, மிளகாய் அவரவர் நாக்குக்கு ஏற்ப, பெருங்காயம், கல்லுப்பு. மிளகாயைக் கடைசியில் வறுக்கவும். வறுக்குமுன் காற்று எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவும்.

மலரில் குழுவில் போன ஒவ்வொருவர் எடுத்த படமும் ஒன்று வருகிறது என்றார்கள். டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "அவங்க கேட்டா தர்றேன்" என்றார். கேளுங்கள் சார். அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். தும்பிக்கை நேராக உங்களைக் காட்டுவது போலத் தோன்றும். உங்களை இல்லை. உங்களுக்குப் பின்னால் நூற்றியிருபது எட்டில், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, நான் நிற்கிறேன்.